மண் சுவர், கையால் செய்த கட்டில்: குறைந்த செலவில் நாங்களே கட்டிய வீடு

ஓடைக்கரை எழுதியது:

வணக்கம். மூன்று வருடமாக இங்கே படிப்பதோடு நிறுத்திக்கொண்டிருந்தேன். எங்கள் வீடு இரண்டு மழைக்காலத்தைத் தாண்டி நிற்கிறது, அதனால் இப்போது எழுதலாம் என்று தோன்றுகிறது.

நானும் என் மனைவியும் விடுமுறை நாட்களில் கட்டியது. உள்ளளவு 6 மீட்டருக்கு 4 மீட்டர். ஒரே அறை, முன்னால் ஒரு தாழ்வாரம். சுவர் 45 செ.மீ. கனத்தில் பிசைந்த மண், அடியில் கருங்கல். கதவும் ஜன்னலும் இடித்த வீடுகளிலிருந்து வந்தவை. கட்டில், மேசை, இரண்டு பெஞ்சு, ஓர் அலமாரி எல்லாம் எங்கள் கைவேலை. கூரைச் சட்டம் ஏற்றிய நான்கு நாள் மட்டும் கூலிக்கு ஆள் வைத்தோம்.

மண் சுவரால்தான் செலவு குறைந்தது என்று பார்க்கிறவர்கள் எல்லோரும் நினைக்கிறார்கள். அது ஓரளவுதான் சரி. மொத்தச் செலவில் சுவர் ஒரு பங்கு. மீதி அடித்தளம், கூரை, தரை, கதவு, வயரிங், குழாய் என்று போகும். எங்களுக்கு உண்மையில் மிச்சமானது இரண்டு முடிவுகளால். முதலாவது, வீட்டைச் சின்னதாகக் கட்டினோம். இரண்டாவது, பழைய கதவு ஜன்னல்களை முதலில் வாங்கி வைத்துவிட்டு, அவற்றை அளந்த பிறகு வரைபடம் போட்டோம். வரைபடத்தை முதலில் போட்டால், அந்த அளவுக்குப் பொருந்தும் பழைய கதவைத் தேடித் தேடி, கடைசியில் புதிதாகச் செய்யச் சொல்லிவிடுவோம்.

நாங்கள் சிக்கனம் பார்க்காத இடமும் இரண்டு: அடித்தளம், கூரை. கருங்கல் பீடத்தைத் தரையிலிருந்து 50 செ.மீ. உயர்த்தினோம். கூரையைச் சுவருக்கு வெளியே 90 செ.மீ. நீட்டினோம். மழைத்துளி தரையில் விழுந்து தெறித்துச் சுவரின் காலைத்தான் அரிக்கும். மேலே இருந்து வருகிற மழையை விட அதுதான் மண் சுவருக்கு மோசம். வீட்டுக்கும் சரி, மேசைக்கும் சரி, தண்ணீர் எந்த வழியாக வருகிறது, எங்கே தங்குகிறது, எப்போது வெளியேறுகிறது என்று கவனித்தால் போதும் என்று நம்புகிற அளவுக்கு வந்துவிட்டேன். கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.

---

குண்டுநூல் எழுதியது:

வாழ்த்துகள். கட்டி முடித்ததோடு நிற்காமல் எழுதவும் செய்தீர்களே, அதற்குத் தனியாக நன்றி. மண் எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்? ஆய்வகத்துக்குக் கொடுத்தீர்களா? வெளிப்பூச்சு சிமெண்டா? நான் பார்த்த மண் வீடுகளில் மழை படும் பக்கம் சிமெண்ட் பூசுகிறார்கள்.

---

ஓடைக்கரை எழுதியது:

ஆய்வகத்துக்கு எல்லாம் போகவில்லை. கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. நன்றாகக் குலுக்கி அசையாமல் வைத்தோம். முதல் ஓரிரு நிமிடத்தில் மணல் அடியில் படிந்துவிடும். அதன்மேல் வண்டல் சில மணி நேரத்தில் படியும். களிமண் கடைசி, அதற்கு ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். மேலே நிற்கும் தண்ணீர் தெளிந்ததும் ஒவ்வொரு அடுக்கையும் அளவுகோலால் அளந்தோம்.

எங்கள் மண்ணில் களி பாதிக்குப் பாதி. தோண்டும்போதே மண்வெட்டியில் ஒட்டிக்கொண்டு வராமல் படுத்தியது. களி 15 முதல் 30 சதவீதத்துக்குள் இருந்தால் சுவருக்கு நல்லது, மீதி பெரும்பாலும் மணலாக இருக்க வேண்டும். ஆனால் பாட்டில் கணக்கை மட்டும் நம்பவில்லை. மணலைக் கூட்டிக் கூட்டி நான்கு கலவையில் சோதனைக் கல் செய்து நிழலில் காய வைத்தோம். முதல் கல் ஒரு வாரத்தில் விரல் நுழையும் அளவுக்கு விரிந்தது. மூன்றாவதில் ஒரு கீறல்கூட இல்லை, தோள் உயரத்திலிருந்து போட்டாலும் மூலை மட்டும்தான் உதிர்ந்தது. அதே கலவையில் வைக்கோலும் சேர்த்து மிதித்தோம். வைக்கோல் சேர்ப்பது விரிசலைத் தடுக்கத்தான். காயும்போது மண் சுருங்குகிற இழுவையை அது பரவலாக்கிவிடும்.

சிமெண்ட் பூச்சு வேண்டாம், தயவுசெய்து. தரையிலிருந்தும் காற்றிலிருந்தும் ஈரம் எப்போதும் கொஞ்சம் மண் சுவருக்குள் போகும். அது திரும்பி வெளியே வர வழி வேண்டும். மேலே சிமெண்ட் தகடு போல மூடினால் ஈரம் உள்ளேயே நின்று, சுவர் பூச்சுக்குப் பின்னால் சத்தமில்லாமல் குழையும். வெளியே இருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. ஒருநாள் பூச்சு பாளமாக விழும்போதுதான் தெரியும். நாங்கள் உள்ளே மண் பூச்சும் வெளியே சுண்ணாம்புப் பூச்சும் கொடுத்தோம். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சித்தான் இறுகும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும். முதல் சில நாள் வெயில் நேரடியாகப் படாமல் ஈரச் சாக்கு தொங்கவிட வேண்டும். நீற்றும்போது கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.

---

கருங்கல் எழுதியது:

நான் கொத்து வேலையில் இருபது வருடம். மண் வீட்டின் மேல் மரியாதை உண்டு. ஏமனில் ஷிபாம் என்று ஒரு நகரம் இருக்கிறது, அங்கே 16ஆம் நூற்றாண்டிலிருந்து வெயிலில் காய்ந்த மண் கல்லால் பல மாடி வீடுகள் நிற்கின்றன. மாலி நாட்டில் ஜென்னே மசூதி, இப்போது உள்ள கட்டடம் 1907இல் எழுந்தது, முழுக்க மண். ஆனால் அங்கே வருடா வருடம் ஊரே கூடிப் பூசுகிறது. அந்த வேலையை மறந்துவிட்டு மண் வீடு மலிவு என்று சொல்லக் கூடாது. வருடத்துக்கு ஒரு வாரம் சுவருக்குக் கொடுக்க முடியாதவர்கள் சுட்ட செங்கல்லுக்குப் போவது நல்லது.

அதிலும் சிக்கனம் செய்யலாம். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய எலிப்பொறிக் கட்டு தெரிந்திருக்கும். செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுவது. ஏறக்குறைய கால்பங்கு செங்கல் மிச்சம், கலவையும் குறையும், நடுவில் காற்று நிற்பதால் வெப்பமும் அவ்வளவு இறங்காது. பூசாமல் விட்டால் பூச்சுச் செலவும் இல்லை. ஒரே நிபந்தனை, கொத்தனார் கை சுத்தமாக இருக்க வேண்டும். கோணல் எல்லாம் வெளியே தெரியும்.

---

ஓடைக்கரை எழுதியது:

கருங்கல் அய்யா, பராமரிப்பைப் பற்றிச் சொன்னதை முழுக்க ஏற்கிறேன். போன வருடம் மழைக்கு முன்னால் மேற்குச் சுவரில் உள்ளங்கை அளவு நான்கு இடத்தில் பூச்சு ஊதியிருந்தது. தட்டினால் பானையைத் தட்டுவது போலச் சத்தம். சுரண்டிவிட்டு மறுபடி பூச இரண்டு நாள் ஆனது. எனக்கு அந்த வேலை பிடித்திருக்கிறது. பிடிக்காதவர்களுக்கு உங்கள் வழிதான் சரி.

---

புதுமனை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம், நான் புதிது. எங்கள் நிலத்தில் புயலில் இரண்டு வேப்பமரமும் ஒரு பலாவும் சாய்ந்துவிட்டன. அறுத்துப் பலகையாக்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். மூன்று மாதத்தில் குடிபோக வேண்டும், அதற்குள் ஒரு கட்டிலும் சாப்பாட்டு மேசையும் செய்ய முடியுமா? தச்சு வேலை பள்ளியில் கற்றதோடு சரி.

---

வாய்ச்சி எழுதியது:

தம்பி, மூன்று மாதத்தில் முடியாது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் என்ன முடியும் என்று பார்ப்போம்.

பச்சை மரத்தின் எடையில் பாதி தண்ணீராகவே இருக்கலாம். முதலில் மரத்தின் நுண்ணறைகளுக்குள் நிற்கிற தண்ணீர் போகும், அப்போது மரம் சுருங்காது. ஈரம் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் அந்த நுண்ணறைகளின் சுவரிலிருந்தே தண்ணீர் வெளியேறும். சுருங்குவது, முறுக்குவது, வெடிப்பது எல்லாம் அங்கிருந்துதான் தொடங்கும். நீளவாக்கில் மரம் சுருங்குவது கிட்டத்தட்ட இல்லை. அகலவாக்கில்தான் எல்லாம். அதிலும் வளர்ச்சி வளையத்தை ஒட்டிப் போகிற திசையில், நடுவிலிருந்து பட்டையை நோக்கிப் போகிற திசையை விடச் சுமார் இரண்டு மடங்கு சுருங்கும். பலகை வளைவதற்கு இந்த வித்தியாசம்தான் காரணம். பலகையின் முனையில் உள்ள வளைய ரேகையைப் பாருங்கள், காயும்போது அந்த வளைவு நேராகப் பார்க்கும். அதை வைத்து எந்தப் பக்கம் குழியும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

நிழலில் காற்றில் காய வைத்தால் ஓர் அங்குல கனத்துக்கு ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. மரத்தையும் காற்றையும் பொறுத்துக் கூடும், குறையும். உங்கள் பலகையை 25 மி.மீ. கனத்துக்கு அறுக்கச் சொல்லுங்கள். கட்டில் காலுக்கு மட்டும் தடிமன் வேண்டும். அறுத்த அன்றே இரண்டு முனையிலும் மெழுகோ கெட்டியான பெயிண்டோ பூசிவிடுங்கள், நாளைக்கு என்று தள்ளாதீர்கள். முனை வழியாகத் தண்ணீர் பல மடங்கு வேகமாகப் போகும், அங்கேதான் முதலில் வெடிக்கும். தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் சமமான மேடை, அடுக்குக்கு அடுக்கு 50 செ.மீ. இடைவெளியில் ஒரே அளவுக் குச்சி. குச்சிகள் ஒன்றின்மேல் ஒன்று நேர்க்கோட்டில் நிற்க வேண்டும். கொஞ்சம் தள்ளி வைத்தால் பலகை அந்த வளைவிலேயே காய்ந்துவிடும், அப்புறம் எதுவும் செய்ய முடியாது. மேலே தகரமும் அதன்மேல் கல்லும். பக்கவாட்டைத் தார்ப்பாயால் மூடாதீர்கள், காற்று போக வேண்டும்.

---

புதுமனை எழுதியது:

இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி அய்யா. காய்ந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஈரமானி வாங்க வேண்டுமா?

---

வாய்ச்சி எழுதியது:

தராசு போதும். பலகையின் நடுவிலிருந்து (முனையிலிருந்து வேண்டாம்) விரல் அகலத்தில் ஒரு வில்லை வெட்டி உடனே எடை போடுங்கள். 103 டிகிரி ஓவனில் வைத்து, எடை குறைவது நிற்கும் வரை காய வையுங்கள். ஈர எடையில் காய்ந்த எடையைக் கழித்து, காய்ந்த எடையால் வகுத்து, நூறால் பெருக்கினால் ஈர சதவீதம். 84 கிராம் வில்லை 50 கிராமுக்கு வந்தால் 68 சதவீதம். அதே பலகையிலிருந்து ஓரடித் துண்டு ஒன்றையும் எடுத்து, முனைகளில் பெயிண்ட் பூசி, எடையை அதன்மேலேயே எழுதி அடுக்கின் நடுவில் வையுங்கள். வாரம் ஒரு தடவை எடை போட்டால் மொத்த அடுக்கும் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். வீட்டுக்குள் புழங்கும் சாமான்களுக்கு 12 சதவீதத்தை ஒட்டி வந்தால் நல்லது.

---

ஓடைக்கரை எழுதியது:

புதுமனை, வாய்ச்சி அய்யா சொன்னதை நான் ஒரு மேசையைக் கொடுத்துக் கற்றேன். நாலு பலகையை ஒட்டி 80 செ.மீ. அகலத்தில் மேல்பலகை. சட்டத்தோடு சேர்த்துப் பன்னிரண்டு திருகாணி இறுக்கினேன், இன்னும் உறுதியாக இருக்கட்டுமே என்று. வெயில் தொடங்கிய இரண்டாவது வாரம், இரவு பதினொரு மணிக்குப் பட்டாசு வெடித்தது போல ஒரு சத்தம். விளக்கைப் போட்டுப் பார்த்தால், ஒட்டு அப்படியே இருக்கிறது, மூன்றாவது பலகை நடுவில் முக்கால் நீளத்துக்குப் பிளந்து நிற்கிறது. பிளவில் ஒரு நாணயம் நிறுத்தலாம். பலகை சுருங்கப் பார்த்தது, திருகாணிகள் விடவில்லை. வேறு வழியில்லாமல் கிழிந்தது.

இரண்டாவது மேசையில் சட்டத்தின் உள்பக்கம் காடி (நீளப் பள்ளம்) எடுத்து, அதில் நாக்கு நுழைகிற மாதிரி சின்னச் சின்ன மரக்கட்டைகள் செய்து, அந்தக் கட்டைகளை மட்டும் மேல்பலகையில் திருகினேன். பலகை அகலவாக்கில் நகரலாம், மேலே எழும்ப முடியாது. ஈரமான மாதத்துக்கும் காய்ந்த மாதத்துக்கும் நடுவில் ஓரம் 4 மி.மீ. போய் வருகிறது. பென்சில் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

---

நெல்லிமரம் எழுதியது:

புதுமனைக்கு ஒரு வழி இருக்கிறது. குடிபோகும் நாளுக்கு நாற்காலி செய்யுங்கள், அதற்குப் பச்சை மரம்தான் வேண்டும்! கால்களைப் பச்சைக் கட்டையிலிருந்து எடுங்கள். குறுக்குக் கட்டைகளை மட்டும் முதலில் பிளந்து, மெலிதாகச் சீவி, சூடான உலர்ந்த இடத்தில் சில வாரம் நன்றாகக் காய வையுங்கள். பிறகு கொஞ்சம் ஈரம் மிச்சமிருக்கிற காலில் துளை போட்டு, முழுக்கக் காய்ந்த குறுக்குக் கட்டையின் முனையை இறுக்கமாகத் தட்டி ஏற்றுங்கள். நாளாக ஆகக் கால் காய்ந்து சுருங்கித் துளை அதன் கழுத்தைப் பிடிக்கும். உள்ளே போன முனை காற்றிலிருந்து துளி ஈரம் எடுத்து ஊதும். ஆணி வேண்டாம், திருகாணி வேண்டாம்.

அறுக்காமல் ஆப்பு வைத்துப் பிளப்பதற்கும் காரணம் உண்டு. ரம்பம் நாரை வெட்டிக்கொண்டு போகும். பிளவு நாரோடு போகும். அதனால் மெலிதான குச்சிகூட எடை தாங்கும். முடிச்சில்லாத நேர்க்கட்டையாகப் பாருங்கள். நார் பின்னிக்கொண்டு வளரும் மரம் பிளக்க அடம்பிடிக்கும், முதலில் ஒரு சின்னத் துண்டைப் பிளந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

---

குண்டுநூல் எழுதியது:

அவசரத்துக்குக் கட்டில் வேண்டுமென்றால் பேலட் (சரக்கு அடுக்கி அனுப்பும் மரத்தட்டு) கட்டைகள்? காய்ந்த மரம், சும்மாவே கிடைக்கும்.

---

நெல்லிமரம் எழுதியது:

கிடைக்கும், ஆனால் முத்திரையைப் பார்க்காமல் தூக்கி வராதீர்கள். நாடு விட்டு நாடு போகும் பேலட்டில் கோதுமைக் கதிர் படத்தோடு ஒரு முத்திரை சுட்டிருப்பார்கள். அதில் ‘ஹெச்டி’ என்ற எழுத்துகள் இருந்தால், மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கிப் பூச்சியைக் கொன்றது. ‘எம்பி’ என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, அது படுக்கைக்கு வேண்டவே வேண்டாம். எண்ணெய்க் கறையோ மருந்து வாடையோ இருந்தால் எந்த முத்திரையாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். பழைய ரயில்வே ஸ்லீப்பரில் கிரியோசோட் என்ற நச்சுத் தார் எண்ணெய் ஊறியிருக்கும், வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். பச்சை சாயம் ஏறிய பழைய வெளிப்புறக் கம்பங்களில் ஆர்சனிக் இருக்கலாம். அவற்றை இழைக்கவும் கூடாது, அடுப்பில் எரிக்கவும் கூடாது.

---

செதுக்கல் எழுதியது:

கருவி பற்றி யாரும் பேசவில்லையே. என்னிடம் 12 மி.மீ., 25 மி.மீ. இரண்டு உளி, ஒரு கைரம்பம், ஓர் இழைப்புளி, கொட்டாப்புளி, மூலைமட்டம். அவ்வளவுதான், வீட்டிலுள்ள எல்லாச் சாமானும் இவற்றில் வந்தவை. ஆரம்பத்தில் எனக்குக் கை வரவில்லை என்று நினைத்தேன். உண்மையில் உளிதான் மழுங்கியிருந்தது. தடித்த கண்ணாடித் துண்டில் உப்புத்தாளை ஒட்டி, உளியின் பின்பக்கத்தைக் கண்ணாடி போலச் சமமாக்கி, முன் சரிவை 25 முதல் 30 டிகிரிக்குள் பிடித்துத் தீட்டிய அன்றைக்கு எல்லாம் மாறியது. கட்டையின் குறுக்கு முனையைச் சீவினால் தூளாகக் கொட்டாமல் மெல்லிய சுருளாக வர வேண்டும். வந்தால் கூர் சரி.

ஒரு கட்டையின் முனையை நாக்காகச் சீவி மற்றதன் துளையில் நுழைத்து இணைக்கும்போது நாக்கின் கனம் கட்டையின் மூன்றில் ஒரு பங்கு. துளையை முதலில் போடுங்கள், நாக்கை அதற்கேற்பச் சீவிக்கொண்டே வாருங்கள். நாக்கைச் சீவிக் குறைக்கலாம், பெரிதாகிவிட்ட துளையைச் சின்னதாக்க முடியாது.

---

வாய்ச்சி எழுதியது:

செதுக்கல் சொன்னது அத்தனையும் சரி. ஜப்பானில் ஹோர்யூஜி கோயிலின் மரக் கட்டடங்கள் ஏறத்தாழ 1,300 வருடமாக நிற்கின்றன. இடையிடையே பழுது பார்த்திருக்கிறார்கள், ஆனால் சட்டகத்தைப் பிடித்து நிறுத்துவது மரத்தோடு மரம் போட்ட இணைப்புதான்.

ஓர் எச்சரிக்கை. ஆளிவிதை எண்ணெய் பூசுகிறவர்கள் அந்தத் துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகும்போது சூடு உண்டாகும், குவியலாகக் கிடந்தால் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீர் நிரம்பிய தகர டப்பாவில் அமுக்குங்கள், இல்லாவிட்டால் வெளியே ஒற்றை மடிப்பாக விரித்துக் காயப் போடுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு பட்டறை ஓர் இரவில் இப்படிப் போனது. காலையில் நான் போனபோது கீல்களும் உளிகளின் இரும்பும்தான் மிச்சம்.

---

மழைக்காகிதம் எழுதியது:

கரையானுக்கு என்ன செய்தீர்கள் ஓடைக்கரை? பழைய இன்ஜின் ஆயில் பூசச் சொல்கிறார்கள்.

---

ஓடைக்கரை எழுதியது:

இன்ஜின் ஆயில் மண்ணையும் கிணற்றையும் கெடுக்கும், வாடையும் போகாது. வேண்டாம். மரம் எங்கேயும் மண்ணைத் தொடக் கூடாது என்பதுதான் எங்கள் முதல் விதி. தாழ்வாரத் தூண்கள்கூடக் கல்லின் மேல், நடுவில் ஒரு தகரத் தகடு. கரையான் ஏறினால் மண் குழாய் கட்டித்தான் ஏறும், வெளியே தெரிகிற கல் பீடத்தில் அதை மறைக்க முடியாது. மாதம் ஒரு தடவை வீட்டைச் சுற்றி நடந்து பார்க்கிறோம், பார்த்தால் உடைத்துவிடுகிறோம். கூரைச் சட்டங்களுக்குப் போராக்ஸும் போரிக் அமிலமும் கரைத்த தண்ணீர் பூசினோம். மரம் ஈரமாக இருக்கும்போதே பூசினால் ஆழமாக இறங்கும். மழை படும் இடத்தில் கரைந்து போய்விடும், அதனால் உள் மரத்துக்கு மட்டும்.

---

புதுமனை எழுதியது:

நான்கு மாதம் கழித்து வருகிறேன். பலகைகள் குச்சி வைத்து அடுக்கில் இருக்கின்றன. அளவுத் துண்டு முதல் நாள் 1,176 கிராம், நேற்று 868. வாய்ச்சி அய்யா கணக்குப்படி துண்டின் காய்ந்த எடை 700 கிராம், அதாவது 68 சதவீதத்திலிருந்து 24 சதவீதத்துக்கு வந்திருக்கிறது. 784 (12 சதவீதம்) வந்தால்தான் தொடுவேன். அதுவரை பாயில்தான் படுக்கை.

நாற்காலி ஒன்று முடிந்துவிட்டது. வேம்பு நாரோடு பிளக்க மறுத்தது, பலாவும் அப்படித்தான். கடைசியில் பக்கத்து நிலத்தில் கழித்த சவுக்குக் கட்டையில் செய்தேன். குறுக்குக் கட்டைகளைத் தட்டி ஏற்றிய அன்றைக்கு இரண்டு கைகளாலும் திருகினால் லேசாக முனகியது. இன்று காலை முழங்காலை வைத்து அழுத்தித் திருகிப் பார்த்தேன், சத்தமே இல்லை. படம் நாளை பகலில் எடுத்துப் போடுகிறேன்.